ஐந்நூறு ரூபாய்ப் பேய்

ராத்திரி பதினொன்றுக்கு மேல்
காட்பாடி ஜங்ஷனில் என் ஆட்டோ ஏறுகிறவர்களில்
பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு.
மீதிப் பேர் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைத் தேடி.
பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தால்
நானே ஒரு பேயை எடுத்து விடுவேன்.

கோட்டை அகழியில்
விடியற்காலம் தலைமுழுகும் சிப்பாய்.
தொரப்பாடி ஜெயில் மதிலோரம்
பீடிக்கு நெருப்புக் கேட்கிறவன்.
பழைய லாட்ஜின் மூன்றாம் மாடியில்
வங்காளியில் யாரையோ கூப்பிட்டு அழும் அறை.
அதற்கு வாடகை நூறு ரூபாய் குறைவு,
அதனால் அது காலியாக இருந்ததே இல்லை.

இதெல்லாம் ஊர்ப் பேய்கள். யார் பெற்றதோ.
பாலாற்றுப் பாலத்துக்காரி மட்டும்
நான் பெற்றவள்.

துலுக்காணம் அப்போது மணல் ஓட்டிக்கொண்டிருந்தான்.
ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆறு மட்டும் இருந்தது.
அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.
"ராவுல எவனும் கீழ எறங்கக் கூடாது.
நாலு பேர் காதுல போட்டு வை.
ஆட்டோக்காரன் சொன்னா ஊரு நம்பும்."
ஐந்நூறு ரூபாய். கூடவே ஒரு குவார்ட்டர்.

நான் அவசரக்காரன்.
வெள்ளைப் புடவை கட்டிவிட்டேன், தலையை விரித்துவிட்டேன்,
கால் வைக்கவில்லை.
மல்லிகைப்பூ வாசம் கடைசி நேரத்தில் சேர்த்தது.
திங்கட்கிழமை தஸ்தகீர் டீக்கடையில் சொன்னேன்.
வியாழக்கிழமை விருதம்பட்டுப் பூக்காரம்மா
எனக்கே சொன்னாள்:
"பாத்துப் போ கண்ணு,
எங்க நாத்தனா ரெண்டு கண்ணால பாத்துட்டா."

ஒரே மாசம்.
ஆடு ஓட்டிவருகிறவர்கள் நின்றார்கள்.
வெளிக்குப் போகிறவர்கள் வேறு பக்கம் போனார்கள்.
லாரிகள் விளக்கை அணைத்து இறங்கின, ஏறின.
யாரும் பார்க்கவில்லை. பார்த்தவனும்
பேயைத்தான் பார்த்தான்.

பிறகு ஓர் ஐப்பசியில்
ஆற்றுக்குத் தன் பெயர் ஞாபகம் வந்தது.
பாலம் முழுக்க ஜனம், கற்பூரம், செல்போன்.
பள்ளங்களின் மேல் தண்ணீர்
ஒரே மட்டமாக, தட்டையாக,
முழங்கால் அளவுதான் என்பதுபோலக் கிடந்தது.
லோகித்துக்கு ஒன்பது வயது.
மூன்றாம் நாள்
வெகுதூரம் தள்ளி, கருவேல முள்ளில்.
ஒரு செருப்பு காலிலேயே இருந்ததாம்.
நான் போய்ப் பார்க்கவில்லை.
அன்றைக்குச் சவாரி அதிகம்.

போன வாரம், பின் சீட்டில்
இன்ஜினியரிங் படிக்கிற பையன்.
பாலம் வந்ததும் காதிலிருந்ததைக் கழற்றினான்.
"அண்ணா, இங்க ஒண்ணு கீதாமே?"
"ஆமாம்ப்பா. வெள்ளப் பொடவ."
"பொம்பள இல்லண்ணா. சின்னப் பையன்.
ஒத்தச் செருப்பு. வண்டிய ஸ்லோ பண்ணா
கிட்ட வந்து கேப்பானாம்,
எவ்ளோ ஆழம்னு."

நான் சொன்னதில் செருப்பு இல்லை.
பையன் இல்லை.
கேள்வி இல்லவே இல்லை.

கிரீன் சர்க்கிளில் இறங்கி,
மீதி இருபது ரூபாய் வாங்க மறந்து போய்விட்டான்.
அதைச் சட்டைப்பையில் போடாமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பினேன்.
காலி வண்டி.
பாலத்தின் நடுவில் கால்
தானாக பிரேக்குக்குப் போயிற்று.

இருபத்திரண்டு அடி.
எனக்குத் தெரியும்.
சில ராத்திரி துலுக்காணத்தின் நோட்டில்
கணக்கெழுதியதும் நான்தான்.

பக்கத்துத் தார்ப்பாயைச் சுருட்டி மேலே கட்டினேன்.
இன்ஜினை அணைத்தேன்.
கீழே காய்ந்த ஆறு, நாணல், ஒரு நாய்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

பின்னால் ஒரு லாரி,
விளக்கில்லாமல்,
வழி விடச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.